நீச்சல் தெரியாத பிள்ளையைக் கடலில் ஸ்நார்க்கெலிங் அனுப்பலாமா?

2025 ஜனவரி 8 – கேள்வி

மகள் 8-ஆம் வகுப்பு. பள்ளியில் ராமேஸ்வரம் பக்கம் உள்ள மண்டபம் ஊருக்குக் கூட்டிப்போகிறார்கள், இரண்டு நாள். கடலில் இறங்கி ஸ்நார்க்கெலிங் செய்து, அதாவது மாஸ்க் மாட்டி வாயில் குழாய் வைத்து மிதந்தபடி, மீன், பவளப்பாறை எல்லாம் பார்ப்பார்களாம். அவளுக்கு நீச்சல் தெரியாது. மூக்கனேரியை விடப் பெரிய தண்ணீரைப் பார்த்ததில்லை. லைஃப் ஜாக்கெட் போட்டால் போதும் என்கிறார்கள். பிப்ரவரி 5-க்குள் பணம் கட்ட வேண்டும். அனுப்பலாமா? போய் வந்தவர்கள் சொல்லவும்.
– அம்மாபேட்டை அப்பா

ஜனவரி 9, இரவு 9.40

அனுப்புங்கள். யோசிக்க ஒன்றுமில்லை.

நான் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். 2024 பிப்ரவரி கடைசியில் 31 பிள்ளைகளோடு இதே மண்டபம் போய் வந்தோம். அதில் நீச்சல் தெரிந்தது நாலு பேருக்கு. எல்லாரும் இறங்கினார்கள், எல்லாரும் ஏறினார்கள். காயம் என்று பார்த்தால் எனக்கு மட்டும்தான், பாதத்தில் ஒரு சிராய்ப்பு. ஒரு மாதமாகக் கடல் குதிரைப் படமாக வரைந்து தள்ளியிருந்தார்கள். அது மட்டும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

ஸ்நார்க்கெலிங்குக்கும் நீச்சலுக்கும் சம்பந்தம் இல்லை. ஜாக்கெட் மிதக்க வைக்கும். நீங்கள் செய்ய வேண்டியது முகத்தைத் தண்ணீரில் வைத்து வாயால் மூச்சு விடுவது, அவ்வளவுதான். வீட்டில் ஒரு பக்கெட் போதும் பழக்குவதற்கு.

ஜனவரி 9, இரவு 10.05

"சம்பந்தம் இல்லை" என்று நான் எழுதியது கொஞ்சம் அதிகம். நீச்சல் தெரிந்தவனுக்கு மூக்கில் தண்ணீர் ஏறினால் என்ன செய்வது என்று உடம்புக்குத் தெரியும். தெரியாதவனுக்கு அந்த நேரத்தில் காலுக்குத் தரை வேண்டும். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

பக்கெட் பழக்கம் மட்டும் இன்றே ஆரம்பித்துவிடுங்கள். மூக்கைத் துணி காயப்போடும் கிளிப்பால் அடைத்துக்கொண்டு, வாயில் பப்பாளிக் குழலை வைத்து, முகத்தைப் பக்கெட்டில் விட்டு நூறு எண்ண வேண்டும். முதல் நாள் எட்டில் எழுந்துவிடுவாள். நாலாம் நாள் நூறு வரும். எங்களுக்குக் குளிர்ந்த தண்ணீரில் முகம் வைக்கவே மனசு வரவில்லை, ஏற்காட்டு ஜனவரி அப்படி. வெந்நீர் கலந்துதான் பழகினோம். கடல் எங்கள் பைப் தண்ணீரை விடச் சூடு என்று சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை.

ஜனவரி 11

எண்ணெய்! எழுத மறந்தது இதுதான். பெண்பிள்ளைகளைத் தலை நிறைய தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னல் போட்டு அனுப்பாதீர்கள். மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு முகத்தோடு ஒட்டி நின்றால்தான் தண்ணீர் புகாது. நெற்றியில் வழிகிற எண்ணெயில் அது வழுக்கிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு முடிக்கற்றை மாட்டினாலும் போதும், அந்த வழியே ஒழுகும். மீசை வைத்த எங்கள் பி.டி. சார் மாஸ்க்கில் கடைசி வரை கால் பங்கு தண்ணீர் நின்றது. பிள்ளைகள் அதற்கு மீன்தொட்டி என்று பேர் வைத்தார்கள்.

கண்ணாடியில் பனி பிடிக்கும். அதற்கு மருந்து எச்சில். உள்பக்கம் துப்பி, விரலால் தடவி, கடல் தண்ணீரில் ஒரு அலசு அலச வேண்டும். வகுப்பில் இதைச் சொன்னதும் "சீ" என்றார்கள். படகில் ஏறியபின் ஒரே துப்பல்.

ஜனவரி 11, மதியம்

கீழே ஒருவர் கேட்டது நல்ல கேள்வி: குழாய் ஏன் அவ்வளவு குட்டை, தோட்டத்து ஹோஸ் பைப் மாதிரி நீளமாக இருந்தால் ஆழத்துக்கே போகலாமே? எங்கள் வகுப்பிலும் கேட்டான் ஒருவன்.

மலையில் இருக்கிறவர்களுக்கு இது சுலபம். ஏற்காட்டில் காலி வாட்டர் பாட்டிலை இறுக்கி மூடிப் பையில் வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வந்து எடுத்தால் நசுங்கியிருக்கும். காதும் அடைக்கும். ஆயிரத்து இருநூறு மீட்டர் இறங்கியதில் கூடின காற்றழுத்தம் அது. கடலில் அதே அளவு கூட, தலை ஒன்றரை மீட்டருக்கும் குறைவாக உள்ளே போனால் போதும். தண்ணீர் அவ்வளவு கனம். நெஞ்சை வெளியிலிருந்து தண்ணீர் அமுக்கும், குழாய்க்குள் இருப்பதோ மேலே உள்ள காற்று, இழுக்கவே முடியாது. போதாததற்கு, நீளக் குழாயில் நாம் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருப்போம். அதனால்தான் ஒரு முழத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

அதே 20 வளைவில் வாந்தி எடுக்காத என் பிள்ளைகள், நங்கூரம் போட்டு நின்ற படகில் எடுத்தார்கள். காலையில் தட்டுவடை செட்டு வேண்டாம் என்று நூறு தரம் சொன்னேன். சேலத்தில் வண்டி நின்றதுமே பொட்டலம் வாங்கிவிட்டான்கள்.

ஜனவரி 12

எந்தக் கடல் என்று பள்ளியில் கேளுங்கள். மண்டபத்தில் நின்றால் இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ளவர்கள் வடக்கைப் பெண் கடல் என்றும் தெற்கை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஆனால் பெண் கடல் எப்போதும் சாது என்று நினைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றில் வடக்குதான் பொங்கும். வைகாசிக்கு மேல் கச்சான் காற்று அடித்தால் தெற்கு ஆடும். பிப்ரவரி கடைசி, மார்ச் என்றால் இரண்டும் ஓரளவு அடங்கியிருக்கும். நாங்கள் இறங்கியது வடக்குப் பக்கம், கரையிலிருந்து அதிகத் தூரமில்லை. இடுப்பளவு தண்ணீரில் ஆரம்பித்துக் கழுத்தளவு வரை.

தெற்கே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தீவில் இறக்கிக் காட்டுவோம் என்று யாராவது சொன்னால் வனத்துறை அனுமதிச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

டிவியில் வருகிற மாதிரி கண்ணாடித் தண்ணீர் இருக்காது. கொஞ்சம் கலங்கல். கை நீட்டினால் விரல் தெரியும், அதற்கு அப்பால் ரெண்டு ஆள் தூரம் பச்சைப் புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து திடீரென்று ஒரு மீன் வரும், அதுதான் அழகு. தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால், என் பிள்ளைகள் சொன்ன மீன் அளவுகளை நான் மனசுக்குள் குறைத்துத்தான் எழுதிக்கொண்டேன்.

பார்த்தவை: ஓரா மீன்கள் கூட்டம் கூட்டமாக. கறுப்புக் கோடு போட்ட சின்ன மீன்கள் முகத்துக்கு நேரே வந்து முறைத்தன. கடல் அட்டை நிறைய. முள்ளெலி மாதிரி சிலிர்த்துக்கொண்டு பாறை இடுக்கில் இருந்த ஒன்று. ஒரு பேத்தை, பயந்தால் பலூன் மாதிரி உப்புகிற மீன்; உப்பவில்லை, ஏமாற்றம். அப்புறம் கிளிமீன். பச்சையும் ரோஜாவும் கலந்த உடம்பு, கிளி மூக்கு. அது பாறையைக் கடிக்கும் சத்தம் தண்ணீருக்குள் கேட்கும். கறுக், கறுக். ரேஷன் அரிசியில் கல் கடிபட்ட மாதிரி. கடித்த பாறையை அரைத்துப் பின்னால் மணலாக விட்டுக்கொண்டே போகும். "மிஸ், பீச் மணல் எல்லாம் மீன் பீயா?" என்ற கேள்விக்கு, எல்லாம் இல்லை, சில கடற்கரைகளில் கணிசமாக ஆமாம் என்றேன். அன்று மாலை யாரும் மணலில் உட்காரவில்லை.

ஜனவரி 19

பொங்கல் முடிந்து இப்போதுதான் பார்த்தேன். "பாறையைப் பார்க்க நானூறு கிலோமீட்டரா, சேர்வராயன் மலையில் இல்லாத பாறையா" என்று ஒருவர் கேலி செய்திருக்கிறார்.

ஐயா, அது பாறை இல்லை, உயிர். ஜெல்லிமீனுக்குச் சொந்தக்காரன். குண்டூசித் தலையளவு பிராணிகள் லட்சக்கணக்கில் சேர்ந்து, கடல் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தங்களுக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கிறது, வெயிலில் சமைத்துப் போடுவது அந்தப் பாசிதான். குண்டுக்கல் மாதிரி வளரும் வகைகள் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் பெரிதாகும். பூசணிக்காய் அளவு ஒன்றைப் பார்த்தால், உங்கள் வயது இருக்கலாம் அதற்கு.

சுண்ணாம்புதானே என்று வெட்டியும் எடுத்தார்கள். அந்த 21 தீவில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இன்று தண்ணீருக்குள். சுற்றிலும் பவளப்பாறையை அள்ளியதில் அலையைத் தாங்க ஆளில்லாமல் தீவே கரைந்தது. 2001-இல் பவளப்பாறைகளை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், யானை, புலி வரிசையில்.

இது சொல்லும்போது ஒரு கதை. எங்கள் பையன் ஒருவனுக்கு மாமா வீடு வெள்ளக்கல்பட்டி. கரையில் ஒதுங்கிக் கிடந்த செத்த பவளத் துண்டை எடுத்து, "மிஸ், இது எங்க மாமா ஊர் வெள்ளக்கல்லு. இங்க எப்படி வந்துச்சு?" என்று கொண்டுவந்தான். கையில் வாங்கிப் பார்த்தால் உண்மையிலேயே அதே வெள்ளை. அந்த வெள்ளக்கல், அதாவது சேலத்து மேக்னசைட், உடைத்தால் அப்படித்தான் பல் மாதிரி இருக்கும். ஆனால் இதில் ஓரம் முழுக்கப் பூ அச்சு குத்தின மாதிரி குட்டிக் குட்டி நட்சத்திரம். ஒவ்வொன்றும் ஒரு பிராணி இருந்த வீடு. அதை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டவனைப் படகுக்கார அண்ணன் கண்டுபிடித்து, செத்ததும் கணக்குதான் தம்பி, எடுத்த இடத்தில் போடு என்றார். போட்டான். அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

ஊருக்கு வந்து சமாதானமாக ஒரு சோதனை செய்தோம். முட்டை ஓட்டில் வினிகர் விட்டால் நுரைக்கும். மாமா ஊர் வெள்ளக்கல்லில் விட்டால் சும்மா இருக்கும். இரண்டும் கார்பனேட்தான், ஒன்று கால்சியம், மற்றது மக்னீசியம். பவளம் முட்டை ஓட்டுக் கட்சி.

பிப்ரவரி 2

அம்மாபேட்டை அப்பா நாளை மறுநாள் முடிவு செய்வதாக எழுதியிருக்கிறார். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டேன்.

முதல் நாள் "சிராய்ப்பு" என்று எழுதினேன். அது சிராய்ப்பு இல்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. படகில் வழிகாட்டிப் பையன் "நீச்சல் தெரியாதவங்க கை தூக்குங்க" என்றான். 27 கை எழுந்தது. நான் தூக்கவில்லை. ஒரு மாதமாக அழுத்தம், மிதப்புவிசை, லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று பாடம் நடத்தியவள் எப்படித் தூக்குவது. தெரியாதவர்கள் எல்லாரும் ஒரு பெரிய ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொள்ள, அதைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு போனார்கள். தெரிந்த நாலு பேர் தனியாக. அவர்களோடு நான்.

ஜாக்கெட் இருந்தது. மூழ்க வழியில்லை, அது எனக்கும் தெரியும். ஐந்து நிமிஷம் நன்றாகத்தான் போனது. ஒரு கிளிமீனைப் பார்த்து வாய்க்குள்ளேயே சிரித்துவிட்டேன். சிரித்தால் கன்னம் சுருங்கும், மாஸ்க் விளிம்பு தூக்கிக்கொள்ளும். அந்த மடிப்பு வழியே தண்ணீர் மூக்குக்கு வந்தது. மூக்கால் மூச்சு இழுத்தேன். அதற்கப்புறம் நான் அறிவியல் டீச்சர் இல்லை. கை எதையோ பிடிக்கப் பார்த்தது, கால் தரையைத் தேடியது, தரை கிடைத்தது. நின்றேன்.

காலுக்கடியில் முறுக்கு நொறுங்குகிற மாதிரி இருந்தது. மான்கொம்பு மாதிரி கிளை விட்ட பவளம்.

நெஞ்சளவு தண்ணீர்தான். நின்றுகொண்டு இருமினேன். பக்கத்தில் மிதந்துகொண்டிருந்த பெண் தலையைத் தூக்கி, குழாயைக் கழற்றி, "மிஸ், நீங்களே நிக்கிறீங்க" என்றாள். குற்றம் சொல்லவில்லை, ஆச்சரியம்தான். பாறை மேல் நிற்கக் கூடாது என்று பஸ்ஸில் 31 பேரையும் மூன்று தடவை கோரஸாகச் சொல்ல வைத்தவள் நான்.

கொஞ்சம் தள்ளிப் பாசி எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் வந்தார். விரல் விரலாகத் துணி சுற்றியிருந்தது, கண்ணில் நீச்சல் கண்ணாடி, புடவைக்கு மேல் சட்டை. "பார் மேல நிக்காதீங்க டீச்சர், காலைத் தூக்குங்க, என் கையைப் புடிங்க" என்றார். அங்கே பவளப்பாறைக்குப் பார் என்றுதான் பேச்சு. ஜாக்கெட் போட்ட நான், ஜாக்கெட் இல்லாமல் நாளெல்லாம் மூச்சடக்கி முங்கி எழுகிற ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு படகுக்கு வந்தேன். ராத்திரி சாப்பாட்டில் யாரோ காலைப் பார்த்துக் கேட்டதற்குக் கல் குத்திவிட்டது என்றேன். அந்தப் பெண் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை.

பவளம் வெட்டின காயம் லேசில் ஆறாது. நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவாமல் விட்டது என் தப்பு. ஊசி போட்டு, மூன்று வாரம் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தேன்.

பிப்ரவரி 3, காலை

அதனால் அனுப்பாதீர்கள் என்று சொல்கிறேனா? இல்லை. இன்றும் அனுப்புங்கள் என்றே சொல்வேன். ஆனால் "யோசிக்க ஒன்றுமில்லை" என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மகளிடம் பக்கெட் பழக்கத்தோடு இன்னொன்றும் பழக்குங்கள். பயந்தால் மல்லாந்து படு, காலைத் தொங்கவிடாதே, கை தூக்கு. கூடப் போகும் டீச்சரிடம் நீங்களே நேரில் கேளுங்கள், உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்று. கோபப்படுவார். கேளுங்கள்.

பிப்ரவரி 3, மாலை

நீச்சல் தெரியாதது ஒரு குற்றமா என்று கேட்டவருக்கு: இல்லை. கை தூக்காதது.

மார்ச் 4

அம்மாபேட்டை அப்பாவின் மகள் பள்ளியோடு போய் வந்துவிட்டாளாம். முதல் நாள் படகிலேயே உட்கார்ந்திருந்தாள், இரண்டாம் நாள் இறங்கினாள், ஜெல்லிமீனைப் பார்த்து வளையத்தை விட்டுவிட்டு மல்லாந்து கை தூக்கினாள் என்று அப்பா எழுதியிருக்கிறார். அங்கே அதைச் சொறி என்பார்கள், பேரே போதும். முதுகெல்லாம் வெயிலில் வெந்துவிட்டதாம். முழுக்கைச் சட்டை போட்டு இறங்கச் சொல்லி நான் எழுதவே இல்லை, மன்னிக்கவும். களிம்பை விடச் சட்டை நல்லது. சில சன்ஸ்கிரீன் ரசாயனங்கள் பவளத்துக்கு ஆகாது என்று ஹவாயில் 2021 முதல் விற்பனையே தடை.

ஏப்ரல் 8

புதுப் பாம்பன் பாலத்தைத் திறந்ததிலிருந்து குழுவில் அந்தப் படம்தான். 1914 பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும்போது கீழே தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாலம் எவ்வளவு உயரமாகத் தூக்கினாலும் அந்தப் பயம் வராது, விடுங்கள்.

எனக்கு ஏப்ரல் என்றால் வேறு நினைப்பு. தண்ணீர் வழக்கமான கோடைச் சூட்டை விட ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் பவளம் தன் பாசியை வெளியே தள்ளிவிடும். வெளுத்துப்போகும். சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016-இல் பெரிதாக நடந்தது. நாங்கள் போய் வந்த ரெண்டே மாதத்தில், 2024 ஏப்ரலில், உலகம் முழுக்க வெளுப்பு என்று நான்காவது முறையாக அறிவித்தார்கள். லட்சத்தீவில் ரொம்ப மோசம். நான் மிதித்த அந்தக் கிளை என்ன ஆகியிருக்கும் என்று ஏற்காட்டில் கோடை மழை கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது தோன்றும். ஒரு டிகிரிக்கு முன்னால் என் கால் பெரிசா என்றும் தோன்றும். அப்படித் தோன்றுவது எனக்கு வசதியாக இருப்பதால் அதை நம்புவதில்லை.

ஜூன் 15

சனிக்கிழமை முதல் பஸ் பிடித்துச் சேலம் இறங்கி நீச்சல் பழகுகிறேன். ஆறு வாரம் ஆகிறது. வயது 44. குளத்தில் கூடப் பழகுகிறவர்களுக்கு ஏழு, எட்டு வயது. குப்புற மிதந்து தரை ஓடுகளை எண்ணுவதுதான் என் பாடம். ஒரு குட்டிப் பையன் கேட்டான், "ஆன்ட்டி, கீழே காசு எதாவது போட்டுட்டீங்களா?"

எங்கள் அப்பா காலத்தில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டால் மூன்றே நாளில் வந்துவிடுமாம். அப்பா என் தம்பிக்குக் கட்டினார். எனக்குக் கட்டவில்லை.

ஜூன் 29

ஒரு திருத்தம். ஜனவரியில் 31 பேர் என்று எழுதினேன். 32.

அன்று வந்த பெண் ஒருத்தி இப்போது பத்தாம் வகுப்பு. இந்த இழையை யாரோ காட்டியிருக்கிறார்கள். நேற்று வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள். "மிஸ், எல்லாரும் இறங்குனாங்கன்னு போட்டிருக்கீங்க. நான் இறங்கல."

உண்மைதான். அவளுக்கு அன்று காலை மாதவிலக்கு. யாரிடமும் சொல்லாமல் தலைவலி என்று கரையில் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்திருக்கட்டும் என்று எல்லார் செருப்பையும் அவளிடம் விட்டுவிட்டு நான் படகேறினேன். இறங்கினவர்களை எண்ணினேன், ஏறினவர்களை எண்ணினேன். இரண்டும் சரியாக இருந்தது. அதனால் கணக்கு 31.

பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போகிற டீச்சர்கள் இதை ஒரு மாதம் முன்னால், தனியாக, வாய்விட்டுக் கேளுங்கள். தேதி தெரிந்தால் மறுநாள் இறக்கலாம். நான் கேட்கவில்லை.

"அவ்வளவு நேரம் என்னடி செஞ்ச?" என்றேன்.

கரையில் ஒரு பாட்டி வலையிலிருந்து குப்பை எடுத்துக்கொண்டிருந்தாராம். பாசி, நண்டு, கிளிஞ்சல். இவளும் உட்கார்ந்து எடுத்திருக்கிறாள். வலைக்கண்ணில் வாலைச் சுற்றிக்கொண்டு, சுண்டுவிரல் அளவில் ஒன்று. முதலில் காய்ந்த வேர் என்று நினைத்தாளாம். கண் அசைந்தது. ஒரு கண் பாட்டியைப் பார்த்தது, இன்னொரு கண் இவளைப் பார்த்ததாம், இரண்டும் தனித்தனியாக. வாலைப் பிரிக்க இவளுக்கு வரவில்லை, இறுக்கிப் பிடித்திருந்தது. பாட்டி நகத்தால் மெல்லப் பிரித்துக் கொடுத்து, ஓடு, முட்டி அளவு தண்ணீரில் விட்டுட்டு வா என்றாராம். விட்டிருக்கிறாள். நேராக நின்றபடியே போனதாம்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"பஸ்ல எல்லாரும் கடல் குதிரை பாக்கலைன்னு அழுதுட்டு வந்தாங்க மிஸ். தலைவலின்னு சொல்லிட்டு அதை எப்படிச் சொல்றது."